அரைக்கட்டை இறங்கிய கிட்டப்பா

"கிட்டப்பா இம்புட்டு எறங்கியா பாடுவாரு?"

ரேடியோ செட்டு அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது தட்டு பாதிதான் ஓடியிருந்தது. குருவிகுளத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணம், சடங்கு, கோவில் கொடை என்று எதற்கும் வந்து குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவரை எங்கள் பக்கம் ரேடியோ செட்டுக்காரர் என்றுதான் சொல்வது. அண்ணாச்சி அந்தத் தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகிறது. மச்சில் கிடந்த ரிக்கார்டு பிளேயரையும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் என் முன்னால் இறக்கிவைத்து, "ஓட வச்சிக் காட்டு தம்பி" என்றார். அதுவரை ஒரு மிக்ஸியைக்கூட நான் கழற்றிப் பார்த்ததில்லை. சுவிட்சைப் போட்டதும் தட்டு சுற்றியது, குரலும் வந்தது. ஆனால் கிட்டப்பாவின் குரல் தெரிந்த காது அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் இறந்தவர். 27 வயதுதான். அவர் நாடக மேடையில் நின்று உச்ச ஸ்தாயியில் பாடியதை நேரில் கேட்ட தலைமுறை போய்விட்டது. சினிமாவில் அவர் நடித்ததில்லை. நமக்கு மிஞ்சியது நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் 78 தட்டுகளில் ஏறிய மூன்று மூன்று நிமிஷத் துண்டுகள் மட்டும். இன்றைக்குத் தட்டு எந்த வேகத்தில் சுற்றுகிறதோ, அதை வைத்துத்தான் அவர் எந்தச் சுருதியில் பாடினார் என்று நம் காது முடிவு செய்யும். அந்தப் பழைய பிளேயரைத் திறக்க உட்கார்ந்தபோது இது ஒரு பொறுப்பாகவே எனக்குத் தெரிந்தது.

தட்டில் ஒலி வடிவமாக இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பள்ளம், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு போகிறது. பாடகரின் குரலில் காற்று எப்படி அதிர்ந்ததோ, அதே கணக்கில் அந்தப் பள்ளம் நெளிந்திருக்கும். நொடிக்கு 300 நெளிவுகள் ஊசியைக் கடந்தால் 300 ஹெர்ட்ஸ் ஸ்வரம் கேட்கும். தட்டு சோம்பினால் அதே நொடியில் 282 நெளிவுதான் கடக்கும். ஸ்வரம் இறங்கிவிடும், தாளமும் இழுக்கும். ஒரு ஸ்தாயிக்குள் 12 ஸ்வரஸ்தானங்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக அதிர்வெண் ஏறத்தாழ 6 சதவீதம் கூட வேண்டும். சுருதி பிடிக்கிறவர்கள் பேச்சில் அது அரைக்கட்டை. ஆகவே ஒரு பிளேயர் 6 சதவீதம் மெதுவாக ஓடினால் பாடகர் அரைக்கட்டை இறங்கிப் பாடுவார். அண்ணாச்சியின் காது அதைத்தான் பிடித்தது.

"மொதல்ல காதக் குடு. பொறவு டெஸ்டர எடு" என்றார். இந்த வேலை முழுக்க எனக்கு உதவியது அந்த வாக்கியம்தான்.

தட்டுமேடையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன். ஊசியை வைக்காமல் எண்ணியபோது 76 சுற்று. ஊசியை வைத்துவிட்டு எண்ணினால் 73. ஊசியின் சுமை ரொம்பச் சின்னது. அந்தச் சுமைக்கே மூன்று சுற்று குறைகிறது என்றால் மோட்டாரின் உந்துதல் மேடைக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை, நடுவில் எங்கோ வழுக்குகிறது என்று அர்த்தம். 73-ஐ 78-ஆல் வகுத்துப் பாருங்கள்: 6 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. அரைக்கட்டை, கணக்கிலும் அரைக்கட்டை.

அடுத்து ஒரு எல்.பி. தட்டைப் போட்டு வேகத்தை 33-க்கு மாற்றினேன். பாட்டுக்கு அடியில் மெல்ல 'தட் தட்' என்று ஒரு இடி. அதையும் எண்ணினோம். மூன்று நொடிக்குப் பத்து. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்றால் மேடை ஒரு தடவை சுற்ற 1.8 நொடி ஆகும். தட்டு வளைந்திருந்தாலோ நடு ஓட்டை தள்ளிப் போயிருந்தாலோ கோளாறு 1.8 நொடிக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். மோட்டார் என்றால் நொடிக்கு இருபதுக்கு மேல் வரும், அது இடியாகக் கேட்காமல் உறுமலாகக் கேட்கும். மூன்று நொடிக்குப் பத்து தடவை சுற்றுகிற பாகம் எது? பெட்டியைத் திறக்கும் முன்பே கேள்வி இவ்வளவு கூர்மையாகிவிட்டது. வைத்தியர் நாடி பிடித்து எண்ணுவதுபோலத்தான் இதுவும்.

நடுத்தண்டில் இருந்த சின்ன வளையப் பூட்டைக் கழற்றி மேடையைத் தூக்கினேன். கீழே இருந்த ஏற்பாடு பார்க்கவே அழகு. மோட்டாரின் தண்டில் படிப்படியாகத் தடித்த ஒரு பித்தளை உருளை, நான்கு வேகத்துக்கு நான்கு படி. அதை ஒட்டி ஒரு ரப்பர் சக்கரம். சக்கரத்தின் மறுபக்கம் மேடையின் உள்விளிம்பை அழுத்திக்கொண்டு நிற்கிறது. மோட்டார் ரப்பரைச் சுற்றும், ரப்பர் மேடையைச் சுற்றும். பல்சக்கரம் இல்லை, பெல்ட் இல்லை, எல்லாமே உராய்வு. தீக்குச்சி உராய்வில் பிழைக்கிற கரிசல் ஊர்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமில்லை.

ரப்பர் சக்கரத்தின் குறுக்களவு 4 சென்டிமீட்டர். மேடையின் உள்விளிம்புக்கு 24. மேடை ஒருமுறை சுற்றுவதற்குள் ரப்பர் ஆறுமுறை சுற்றும். நிமிஷத்துக்கு 33⅓ தடவை என்றால் ரப்பர் 200 தடவை, அதாவது மூன்று நொடிக்குப் பத்து. விரலால் தடவிப் பார்த்தபோது ரப்பரின் விளிம்பில் ஓர் இடம் நகத்தால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தது. கடைசியாக அண்ணாச்சி பாட்டுப் போட்ட அன்று வேக நெம்புகோல் 78-லேயே நின்றுவிட்டது போல. உருளை ஒரே இடத்தில் அழுத்தியபடியே வருஷக்கணக்கில் இருந்து ரப்பரைக் குழியாக்கிவிட்டது. மற்ற இடமும் வழவழவென்று இறுகிக் கிடந்தது. ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து கெட்டிப்படும். அலமாரியில் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்தால் அறுந்துபோவதும் அதனால்தான். இறுகிய ரப்பர் பிடிக்காது. வழுக்கலுக்கும் இடிக்கும் காரணம் ஒன்றே.

புது ரப்பர் சக்கரத்துக்கு எங்கே போவது? சங்கரன்கோவிலில் தண்ணி மோட்டார் சாமான் விற்கிற கடையில் ஓ-ரிங் கிடைக்கும், பழைய ரப்பரை அறுத்தெடுத்துவிட்டு அதை மாட்டலாம் என்றார் அண்ணாச்சி. எனக்குத் தயக்கம். சக்கரத்தின் அளவு கொஞ்சம் மாறினாலும் வேகம் மாறிவிடாதா? பேப்பரில் எழுதிப் பார்த்தபோதுதான் இந்தப் பொறியின் நுட்பம் விளங்கியது. உருளையின் விளிம்பு எந்த வேகத்தில் ஓடுகிறதோ, அதைத் தொடும் ரப்பரின் விளிம்பும் அதே வேகத்தில்தான் ஓடும். ரப்பர் தொடும் மேடையின் விளிம்பும் அப்படியே. ரப்பர் பெரிதானால் அது தன் மட்டில் மெதுவாகச் சுற்றும், சிறிதானால் வேகமாகச் சுற்றும், ஆனால் மேடைக்குப் போய்ச் சேரும் ஓட்டம் மாறாது. கணக்கில் ரப்பரின் அளவு அடிபட்டுப் போகிறது. வேகத்தைத் தீர்மானிப்பவை மூன்று: மோட்டாரின் சுற்று, பித்தளை உருளையின் தடிமன், மேடை விளிம்பின் அளவு. மோட்டார் நிமிஷத்துக்கு 1400 தடவை சுற்றுகிறது என்று வையுங்கள். 24 சென்டிமீட்டர் மேடைக்கு 78 வேகம் வர உருளை 13.4 மில்லிமீட்டர் தடித்திருக்க வேண்டும். 33-க்கு 5.7 போதும். ரப்பர் வட்டமாக இருந்தால் சரி, பிடித்துக்கொண்டால் சரி. ஓ-ரிங் தாராளமாகப் போதும்.

இந்தக் கணக்குத் தெரிந்தால் இன்னொன்றும் புரியும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அமெரிக்காவில் 60. இந்த வகை மோட்டாரின் வேகம் அந்த எண்ணிக்கையைப் பின்பற்றியே போகும். அங்கிருந்து ஆசையாக யாராவது கொண்டுவந்த பிளேயரை இங்கே ஓட்டினால், உருளையை மாற்றாதவரை 78 தட்டு 65-இல்தான் சுற்றும். மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். மின்மாற்றி வைத்து வோல்டேஜைச் சரிக்கட்டினாலும் இது தீராது.

புது ரப்பர் வந்தும் மேடை கொஞ்சம் கனத்தே சுற்றியது. நடுத்தண்டைத் துடைத்தபோது கறுப்பாகப் பிசின் மாதிரி வந்தது. முகர்ந்தால் சிக்கு வாடை. யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். கதவுக் கீலுக்கும் கிணற்று உருளைக்கும் விடுகிற எண்ணெயை இதற்கும் விட்டுவிட்டார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நாள்பட்டால் சிக்குப் பிடித்து, கரிசல் புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் தண்டையும் மோட்டாரின் இரு முனையையும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். மோட்டார் முனைகளில் இருக்கும் வளையம் வெண்கலத் துகளை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பஞ்சுபோல எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடிச் சூடேறும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். ரப்பரின் மேல் மட்டும் ஒரு சொட்டுகூடப் பட்டுவிடக் கூடாது. பட்டால் உராய்வு போய், செய்த வேலை முழுதும் வீண்.

காகிதத் துண்டை எண்ணியது போதாது, இனி துல்லியம் வேண்டும். ஒரு வட்ட அட்டையில் சம இடைவெளியில் 77 கறுப்புக் கோடுகளை அச்செடுத்து மேடையில் வைத்து, திண்ணையில் இருந்த பழைய சோக் டியூப்லைட்டைப் போட்டேன். அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது. ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒவ்வொரு கோடும் சரியாக அடுத்த கோடு இருந்த இடத்துக்கு நகர்ந்திருந்தால், கோடுகள் அசையாமல் நிற்பதாகக் கண் நம்பும். மேடை நிமிஷத்துக்கு 77.92 தடவை சுற்றும்போது அப்படி நிற்கும். 33⅓-க்கு 180 கோடு, அது மிச்சமில்லாமல் வகுபடுகிறது. நல்ல எல்.இ.டி. விளக்கில் இந்த வித்தை பலிக்காது, அது மினுங்குவதில்லை. எங்கள் கோடுகள் முதலில் பின்னோக்கி ஊர்ந்தன. மோட்டார் சூடேறிப் பத்து நிமிஷம் போனதும் நின்றன. ஓடுகிற மேடையில் கோடுகள் உறைந்து நின்ற அந்தக் கணத்தில் இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆம்பிளிஃபயரில் ஓர் இரைச்சல் இருந்தது. இதற்கும் காதே போதும். 50 ஹெர்ட்ஸில் அடித்தொண்டை இரைச்சல் வந்தால் எர்த் சரியில்லை, அல்லது வயரின் உறை எங்கோ விட்டிருக்கிறது. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் வந்தால் மின்சாரத்தைச் சமன்செய்யும் பெரிய கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டது. எங்களுக்கு இரண்டாவது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் அந்த வேலையை ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் அப்படிச் செய்வதே நல்லது.

இரைச்சல் போன பிறகு பிளேயரை என் வீட்டுக்குக் கொண்டுபோய் என் ஸ்பீக்கரில் இணைத்தேன். அடியில் ஓர் உறுமல். அண்ணாச்சியோ, தன் தொழில் காலம் முழுக்க அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்று சாதித்தார். அவர் சொன்னது உண்மை. மோட்டாரின் அதிர்வு நொடிக்கு 23, 24 தடவை. அவர் அதைக் கேட்டதெல்லாம் குழாய் ஸ்பீக்கரில். குழாயின் புனல் வடிவம் சின்னத் தகட்டின் அதிர்வை வெளிக்காற்றோடு பதமாக இணைப்பதால்தான் ஊர் தாண்டிக் கேட்கிறது. ஆனால் புனலின் அளவுக்கு அடங்காத நீண்ட அலைகளை அதனால் வெளியேற்ற முடியாது. ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. மோட்டாரின் உறுமலைக் குழாய் தானாகவே வடிகட்டிவிட்டது. அந்த பிளேயரும் அந்தக் குழாயும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஜோடி. பிரித்து வேறு இடத்தில் வைத்ததும் குறை வெளியே வந்தது. மோட்டாரைத் தாங்கும் ரப்பர் பொத்தான்களை மாற்றியதில் உறுமல் பாதிக்கு மேல் அடங்கியது.

இனி ஊசி. இந்த பிளேயரின் ஊசிக்குப் பின்னால் இருப்பது பீங்கான் போன்ற ஒரு சின்னத் துண்டு. அதை வளைத்தால் மின்னழுத்தம் பிறக்கும். பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டுபிடித்த பண்பு இது. அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் 'டிக்' என்று அழுத்தும்போது பொறி வருவதும் இதே பண்பால்தான். இன்னும் பழைய பிளேயர்களில் ரோஷெல் உப்பு என்ற படிகத்தை வைத்தார்கள். அது ஈரத்தில் கரையும், 55 டிகிரி சூட்டில் கெடும். நம் ஊர் ஓட்டுக்கூரை மச்சில் அது பிழைக்க வழியே இல்லை. எங்கள் அதிர்ஷ்டம், இதில் இருந்தது பீங்கான் வகை.

ஊசியில் இரண்டு முனை. 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு ஒரு மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்கு ஆரமுள்ள மழுங்கிய முனை வேண்டும். எல்.பி.க்கு அதில் கால்வாசி. மாற்றி வைத்தால் சின்ன முனை 78-இன் பள்ளத்தின் அடித்தரையில் உருண்டு புழுதியைத்தான் வாசிக்கும். எடையும் முக்கியம். இந்த வகைக்கு 5 கிராம் அளவு. தராசு இல்லை. நிக்கல் கலந்த பழைய நாலணா 2.5 கிராம். 2011-இல் செல்லாமல் போனாலும் அதன் எடை செல்லும். ஓர் அடிக்கோலின் நடுவில் பென்சிலை வைத்து, ஒரு முனையில் இரண்டு நாலணா, அதே தூரத்தில் மறுமுனையில் ஊசி. கோல் சமமாக நிற்கும்வரை, ஊசியைத் தாங்கும் கையின் பின்னாலுள்ள ஸ்பிரிங்கைத் திருகினேன். 5 கிராம் சின்ன எடைதான். ஆனால் அது தங்கும் இடம் ஒரு முடியின் குறுக்களவைவிடச் சிறியது. அந்தப் புள்ளியில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். தேய்ந்த ஊசி தட்டை உழுதுவிடும் என்று பழையவர்கள் சொன்னது சும்மா இல்லை.

ஒரு தவறும் நடந்தது. இயந்திரத்தை ஸ்பிரிட்டால் துடைத்த அதே துணியால் ஒரு 78 தட்டின் ஓரத்தையும் துடைத்தேன். பளபளப்பு போய் மங்கியது, துணியில் கறுப்பு ஏறியது. பக்கத்து வீட்டு ஆசாரி பார்த்துவிட்டு, "அரக்குல ஸ்பிரிட் ஊத்துனா கரையாம என்னய்யா செய்யும்? நாங்க பாலிஷ் அப்பிடித்தானே போடுதோம்" என்றார். 78 தட்டின் உடம்பு அரக்கு. இலந்தை, புரசு போன்ற மரங்களில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின், கல்மாவோடும் கரியோடும் கலந்து அச்சில் அழுத்தப்பட்டது. உலகத்தின் கிராமபோன் தட்டுகளுக்குப் பெருமளவு அரக்கு போனது இந்தியக் காடுகளிலிருந்துதான். தட்டு கல்மாவால் சொரசொரப்பாக இருப்பதும் காரணத்தோடுதான். சாவி கொடுக்கும் காலத்து எஃகு ஊசியை முதல் சில சுற்றிலேயே அது பள்ளத்தின் வடிவத்துக்குத் தீட்டிவிடும், ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அரக்குத் தட்டுக்கு வடிகட்டிய தண்ணீரும் ஒரு துளி மென்மையான சோப்பும் போதும். மங்கிய அந்த விரலகல இடத்தில் இப்போதும் இரைச்சல் வருகிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை.

கோடுகள் நின்ற பிறகு முதலில் போட்டது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத் தட்டு. கோவில்பட்டியில் வாழ்ந்தவர், 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகியின் குரலோடு போட்டி போட்ட அதே நாகசுரம். நீட்டிப் பிடித்த ஒரு ஸ்வரம் ஆடாமல் நின்றால் இயந்திரம் நிதானமாக ஓடுகிறது என்று அர்த்தம். நின்றது.

பிறகு கிட்டப்பா. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் தெளிந்தது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி. பழைய காலத்தில் பதிவுக் கருவிகள் எல்லாமே 78-இல் சுற்றவில்லை, 70-க்கும் 80-க்கும் நடுவே எங்கெங்கோ சுற்றின. அண்ணாச்சி பஜனை மடத்து ஹார்மோனியத்தைக் கொண்டுவரச் சொன்னார். பாட்டு தொடங்கும் முன் தட்டில் ஒரு ஹார்மோனியம் ஸட்ஜத்தைப் பிடிக்கிறது. அதற்கு நெருங்கிய கட்டையை இவர் அழுத்தினார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் முழுக்க ஒன்றவில்லை. ஒலி தூக்கித் தூக்கி அடங்கியது. பாடப் புத்தகத்தில் விம்மல் என்று படித்தது இதைத்தான். இரண்டு ஸ்வரத்துக்கும் நொடிக்கு எத்தனை அதிர்வு வித்தியாசமோ, அத்தனை விம்மல். எண்ணினோம். நொடிக்கு மூன்று. 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மூன்று என்றால் ஒரு சதவீதம்.

எது மேலே, எது கீழே என்று விம்மலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அண்ணாச்சி ஊசியை மறுபடி ஓரத்துக்கு எடுத்துவைத்தார். ஒரு கை கட்டையில். இன்னொரு கையின் சுண்டுவிரலை, சுற்றுகிற மேடையின் விளிம்பில் பூப்போலத் தொடவிட்டார். மூன்று இரண்டானது. இரண்டு ஒன்றானது. பிறகு விம்மலே இல்லை, இரண்டு ஹார்மோனியமும் ஒரே நேர்கோட்டில் நின்றன, அதன் மேல் கிட்டப்பா எடுத்தார். தட்டு பதிவானது 77-க்குப் பக்கத்தில் இருக்கலாம். அல்லது மடத்து ஹார்மோனியம் ஒரு சதவீதம் இறங்கியிருக்கலாம்.

"வெரல எடுத்துட்டுத் திரும்பப் போடுதேன்" என்றார் அண்ணாச்சி. "இன்னொரு மட்டம் எண்ணு."